கடன் கணக்கும் காதலும்: ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’

காதல், கல்யாணம் பற்றிய நாவல் என்றால் நடுவில் ஒரு மூன்றாவது ஆள் வருவார், யாராவது வீட்டை விட்டுக் கிளம்புவார்கள், கடைசியில் ஒரு சாவு விழும். வாசகருக்கு இது பழகிப்போன பாதை. ‘மிடில்மார்ச்’சிலும் பொறாமை உண்டு, சாவு உண்டு. ஆனால் இதில் வரும் கல்யாணங்கள் கெட ஆரம்பிப்பது அவற்றால் அல்ல. மரச்சாமான் கடைக்காரரின் பில்லால் ஒன்று கெடுகிறது. எழுதி முடிக்கவே முடியாத ஒரு புத்தகத்துக்கான குறிப்பேடுகளால் இன்னொன்று. இரண்டு பேர் ஒருவரையொருவர் பற்றி மனதில் என்ன கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், அந்தக் கணக்கு எந்த இடத்தில், எவ்வளவு தொகையில் தவறியது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் புத்தகத்தைப் பற்றி. பதிப்பைப் பொறுத்து 800 பக்கங்களைத் தொடும். 86 அத்தியாயங்கள், ஒரு முன்னுரை, ஒரு முடிவுரை. 1871 டிசம்பர் முதல் 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக பிளாக்வுட் நிறுவனம் வெளியிட்டது. ஒரு பகுதி 5 ஷில்லிங். ஜார்ஜ் எலியட் என்பது மேரி ஆன் எவான்ஸின் புனைபெயர். சிற்றூர் டாக்டர் ஒருவரைப் பற்றிய நாவலை 1869-இல் தொடங்கி நடுவில் நிறுத்தியவர், அடுத்த வருடக் கடைசியில் ‘மிஸ் புரூக்’ என்று தனிக்கதை ஒன்றைத் தொடங்கினார். பிறகு இரண்டையும் சேர்த்துத் தைத்தார். அந்தத் தையல் இன்றும் கண்ணில் படும். முதல் பத்து அத்தியாயங்கள் டோரதியா புரூக்கின் கதை. அவளுக்குக் கல்யாணம் முடிவானதும் அவள் மறைந்து, முன்பின் தெரியாத ஒரு ஊரே உள்ளே வருகிறது. பலர் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான். 11, 12-ஆம் அத்தியாயங்களில் வரும் வின்சி வீடு, கார்த் வீடு, கிழவர் ஃபெதர்ஸ்டோன் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். 20-ஆம் அத்தியாயத்துக்குள் டோரதியா திரும்ப வந்துவிடுவாள்.

கதை நடப்பது 1829-இலிருந்து 1832 வரை. இந்த வருடங்களை மறக்காமல் படிக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் மறுமணம் செய்துகொள்ளும் உரிமையுடன் விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அதற்குப் பெரும் பணக்காரராக இருக்க வேண்டும். வழக்கு மன்றத்துக்கு அது வந்தது 1857-இல். மனைவியின் கையில் இருக்கும் பணமும் பொருளும் கணவனுடையவை. மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1870-இல் பாதியும் 1882-இல் மீதியுமாக வந்தது. ஆகவே இந்த நாவலில் யாரும் “பிரிந்துவிடலாம்” என்று யோசிப்பதில்லை என்பது அவர்களுடைய பொறுமையைக் காட்டுவது அல்ல. கதவே கிடையாது.

எழுதியவருக்கு இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இல்லை. 1854 முதல் 1878-இல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இறக்கும்வரை அவருடன் கல்யாணமில்லாமல் வாழ்ந்தவர் எலியட். லூயிஸின் மனைவி வேறொருவருக்குப் பெற்ற குழந்தையை லூயிஸ் தன் பெயரில் பதிவு செய்திருந்தார். குற்றத்தைப் பொறுத்துக்கொண்டவர் என்ற கணக்கில் அவருக்கு விவாகரத்து கேட்க வழியில்லாமல் போயிற்று. எலியட்டின் அண்ணன் ஐசக் பல வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, 1880-இல் அவர் ஜான் கிராஸை முறைப்படி சர்ச்சில் மணந்த பிறகுதான் வாழ்த்துக் கடிதம் எழுதினார். ‘மிடில்மார்ச்’ எழுதியபோது சட்டப்படி மனைவியாக இல்லாத ஒருத்திதான் ஆங்கிலத்தில் கல்யாணத்தைப் பற்றி மிக ஆழமாக எழுதியிருக்கிறார்.

டோரதியாவுக்கு இருபது நிறையவில்லை. அவள் தேர்ந்தெடுக்கும் கஸாபன் பாதிரியாருக்கு 45-க்கு மேல். உலகத்துப் புராணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே திறவுகோல் என்று ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பக்கத்து எஸ்டேட்டின் சர் ஜேம்ஸ் என்ற வாட்டசாட்டமான மாப்பிள்ளையை விட்டுவிட்டு, இவருக்குக் கிரேக்கம் வாசித்துக் காட்டினால் பெரிய வேலை ஒன்றில் பங்கு கிடைக்கும் என்று அவளாகவே போய் விழுகிறாள். 5-ஆம் அத்தியாயத்தில் கஸாபன் எழுதும் கல்யாணக் கடிதத்தைக் கட்டாயம் நிதானமாகப் படியுங்கள். உதவியாளர் பணிக்குத் தகுதியான ஆள் கிடைத்துவிட்டார் என்று நிர்வாகக் குழுவுக்கு அனுப்பும் குறிப்பு போல இருக்கும். டோரதியா அதைப் படித்து மண்டியிட்டு அழுகிறாள். பதிலை மூன்று முறை எழுதுகிறாள். வாசகத்தை மாற்ற அல்ல. கை நடுங்கிக் கையெழுத்து கோணிவிட்டதே, அவர் என்ன நினைப்பாரோ என்று. அவளுடைய காதல் எந்தச் சரக்கால் ஆனது என்பது அந்த மூன்று பிரதிகளிலேயே தெரிந்துவிடுகிறது.

சாதாரண நாவலாசிரியர் கஸாபனைக் கேலிப் பொருளாக்கிவிட்டு நகர்ந்திருப்பார். எலியட்டும் முதலில் நம்மைச் சிரிக்கவிடுகிறார். ரோமாபுரித் தேனிலவில் அவள் தனியாக அழும்போது நாம் முழுக்க அவள் பக்கம். அடுத்த அத்தியாயத்தில் கஸாபனின் இளம் உறவினன் வில் லாடிஸ்லா வாயிலாக ஓர் உண்மை வெளிவருகிறது: கஸாபன் தேடிக்கொண்டிருப்பதை ஜெர்மானிய அறிஞர்கள் ஏற்கெனவே தாண்டிப் போய்விட்டார்கள், அவருக்கு ஜெர்மன் தெரியாது. இதன் பிறகு 29-ஆம் அத்தியாயத் தொடக்கத்தில், டோரதியா என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த கதைசொல்லி சட்டென்று நிறுத்தி, எப்போதும் டோரதியாவே ஏன், இந்தக் கல்யாணத்தில் அவள் பார்வை ஒன்றுதானா உண்டு என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அங்கிருந்து கஸாபனின் உள்ளே போகிறோம். கல்யாணம் செய்துகொண்டால் மகிழ்ச்சி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், செய்துகொண்டோம், வரவில்லையே என்று விழிக்கும் மனிதர் அவர். தன் ஆராய்ச்சி பயனற்றதோ என்ற பயத்தை இத்தனை நாள் தனியாக மறைத்து வைத்திருந்தார். இப்போது அதே கேள்வியைக் கேட்கும் கண்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

இந்தப் பகுதியின் உச்சம் 42-ஆம் அத்தியாயம். இதய நோய் என்றும் எப்போது வேண்டுமானாலும் முடிவு வரலாம் என்றும் டாக்டர் லிட்கேட் சொல்லிவிட்டுப் போகிறார். தோட்டத்தில் டோரதியா ஓடிவந்து கணவரின் கைக்குள் கை கோக்கிறாள். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடியே நடக்கிறார். விறைத்த அந்தக் கையை அவளால் பற்றிக்கொள்ளவே முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு வரும் கோபத்தை எலியட் ஒளிக்கவே இல்லை. சாப்பிடக் கீழே போகாமல் மாடி அறையில் உட்கார்ந்து அவரை மனதுக்குள் விசாரணை செய்கிறாள். இரவு வெகுநேரம் கழித்து அவர் விளக்கோடு படியேறி வரும்போது இருட்டில் காத்திருக்கிறாள். எனக்காகவா காத்திருந்தாய், நீ சின்னப் பெண், கண் விழித்து ஆயுளை நீட்டவேண்டிய தேவை உனக்கில்லை, வா என்கிறார். இருவரும் கைகோத்து நடைகூடத்தில் போகிறார்கள். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். சில அத்தியாயங்கள் தள்ளி, அவர் இறந்தபின் உயிலின் பின்சேர்க்கை வெளிவருகிறது: லாடிஸ்லாவை மணந்தால் சொத்து கிடையாது. அந்த இரவின் கனிவும் உண்மை, அந்த உயிலின் விஷமும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துக் காட்டுவதுதான் இந்த நாவலின் பலம்.

இருந்தாலும் என் ஓட்டு லிட்கேட்–ரோஸமண்ட் தம்பதிக்குத்தான். டோரதியாவின் கல்யாணத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது; இது எந்தத் தெருவிலும் நடக்கும்.

டெர்ஷியஸ் லிட்கேட்டுக்கு 27 வயது, பாரிஸில் படித்தவர், உடல் திசுக்களின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் கனவோடு மிடில்மார்ச்சுக்கு வருகிறார். இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்பது உறுதியான முடிவு. ஊர் மேயர் வின்சியின் மகள் ரோஸமண்டோடு பியானோவும் சிரிப்பும் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊரில் பேச்சு எழுந்ததும் பத்து நாள் போகாமல் இருக்கிறார். பிறகு அவள் அப்பாவுக்கு ஒரு தகவல் சொல்லப் போகிறார். அவள் கையிலிருந்த பின்னல் சங்கிலி கீழே விழுகிறது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால் அவள் கண்ணில் நீர். அரை மணி நேரத்தில் நிச்சயமானவராக வெளியே வருகிறார். 31-ஆம் அத்தியாயம். இதைவிடச் சின்னக் காரணத்தில் ஒரு வாழ்க்கை திரும்பியதை எழுத முடியாது.

இனி கணக்கு. 58-ஆம் அத்தியாயத்தில் எலியட் அதைத் தொகையோடு தருகிறார். குடித்தனம் வைக்க மரச்சாமான், பாத்திரம் முதலியவற்றுக்கு ஆனது, கையிலிருந்த முதலைவிட 400 முதல் 500 பவுண்டு அதிகம். முதல் வருடக் குடும்பச் செலவு, குதிரைகளோடு சேர்த்து, கிட்டத்தட்ட 1000. விலைக்கு வாங்கிய மருத்துவத் தொழில் பழைய கணக்குப்படி வருடத்துக்கு 800 தரவேண்டும். வந்தது 500-கூட இல்லை, அதிலும் பெரும்பகுதி வசூலாகாத பாக்கி. காரணமும் உண்டு. மருந்தை அவரே விற்காமல் சீட்டு மட்டும் எழுதித் தருவது அந்த ஊர் டாக்டர்களுக்கும் பிடிக்கவில்லை, மருந்து பாட்டில் வாங்கிப் பழகிய நோயாளிகளுக்கும் பிடிக்கவில்லை. புதிய மருத்துவமனையில் பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆக, பிரச்சினை ரோஸமண்டின் பட்டுப்புடவை ஆசை மாதிரி ஒன்று மட்டுமல்ல. விலையுயர்ந்த சாப்பாட்டுத் தட்டு வரிசையை வாங்கியவர் லிட்கேட்தான். நல்ல வீடு, நல்ல பண்டம் என்பதெல்லாம் தனக்கு இயல்பாகவே உரியவை என்று நினைக்கும் ஜமீன் குடும்பத்து வாசனை அவரிடம் போகவில்லை. ஆராய்ச்சியில் சல்லடையாகச் சலிக்கும் புத்தி, பெண் விஷயத்திலும் சாமான் விஷயத்திலும் ஊரோடு ஒத்துப்போய்விடுகிறது.

மரச்சாமான்களின் மேல் ஈட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று, பட்டியல் எடுக்க நாளை ஆள் வருகிறான் என்று மனைவியிடம் சொல்லும் காட்சி இந்த நாவலிலேயே மிகவும் வலிக்கும் இடம். அவர் மென்மையாகத்தான் ஆரம்பிக்கிறார். சேர்ந்து சமாளிக்கலாம், நீயும் கை கொடு என்கிறார். “நான் என்ன செய்ய முடியும், டெர்ஷியஸ்?” என்கிறாள். இந்த வார்த்தைகளையே எத்தனை விதமான குரலில் சொல்லலாம், எந்தக் குரல் எதைத் தரும் என்று எலியட் ஒரு பத்தி எழுதுகிறார். ரோஸமண்டின் குரலில் எதுவுமே இல்லை. பனி விழுந்த மாதிரி லிட்கேட்டின் கனிவு அணைகிறது. அவள் மேலே போய் நகைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். நீங்கள் வாங்கித் தந்தது எல்லாம் இதில் இருக்கிறது, வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு நான் அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். குரல் உயரவே இல்லை.

இதற்குப் பிறகு நடப்பவை எல்லாம் இதே சத்தமில்லாத மறுப்பின் தொடர்ச்சி. வீட்டையே வேறு தம்பதிக்கு விட்டுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகலாம் என்று ஏலக்காரர் டிரம்புல்லிடம் அவர் ஏற்பாடு செய்கிறார். அவள் போய் ரகசியமாக அதை நிறுத்துகிறாள். லிட்கேட்டுக்குத் தெரியாமல் அவருடைய பணக்காரப் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். பதில் அவர் பெயருக்கே வசவாக வருகிறது. இதற்கெல்லாம் முன்பே, கர்ப்பமாக இருந்தபோது குதிரை ஏறாதே என்றார், ஏறினாள், குழந்தை போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கடைசிவரை அமைதியாகச் சொல்கிறாள். சண்டை போட்டுத் தோற்பவள் அல்ல. சண்டையே போடாமல் ஜெயிப்பவள். கடைசியில் 1000 பவுண்டு தேவையில் வங்கிக்காரர் பல்ஸ்ட்ரோடின் காசோலையை லிட்கேட் வாங்குகிறார். அந்தக் காசோலையின் பின்னால் ஒரு பிணம் இருக்கிறது; ஊரே அவரைச் சேர்த்துச் சந்தேகிக்கிறது.

ஒரு குறை இங்கே சொல்ல வேண்டும். கஸாபனுக்குக் காட்டிய நியாயத்தை எலியட் ரோஸமண்டுக்குக் காட்டவில்லை. அவள் படித்த பள்ளியில் வண்டியில் ஏறுவது, இறங்குவதுவரை பாடமாகச் சொல்லித் தந்தார்கள் என்று கேலி செய்பவர், வீட்டு வரவுசெலவைப் பட்டியல் எடுக்க ஆள் வரும் முன்தினம்வரை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பதை அழுத்திச் சொல்வதில்லை. மனைவி தன் உயர்ந்த எண்ணங்களை வியந்து, குறுக்கிடாமல் இருக்க வேண்டும் என்பது லிட்கேட்டின் கனவு. அவளும் குறுக்கிடாத ஒரு கணவனைத்தான் கனவு கண்டாள். முடிவுரையில் லிட்கேட் தன்னைத் தோற்றவனாகவே எண்ணி, கனவு கண்ட ஆராய்ச்சிக்குப் பதில் கீல்வாதம் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டு, ஐம்பது வயதில் இறக்கிறார். ரோஸமண்டுக்குப் பணக்கார மறுமணம் அமைகிறது. தராசு சாய்ந்திருப்பது தெரிகிறது.

மாறாக, பல்ஸ்ட்ரோடின் மனைவி ஹாரியட்டுக்கு 74-ஆம் அத்தியாயத்தில் கிடைத்திருக்கும் சில பக்கங்கள் முழு நாவலுக்கும் ஈடு. பக்தியும் பணமுமாக உலவிய கணவரின் பழைய பாவம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்துகொள்பவள் அவள். வீட்டுக்கு வந்து அறையைப் பூட்டிக்கொள்கிறாள். ஆபரணங்களைக் கழற்றி, அலங்காரத் தொப்பியை விட்டுவிட்டு, தலையை வழித்து வாரி, சாதாரணக் கறுப்பு அங்கி உடுத்துகிறாள். இரவு எட்டு மணிக்குக் கீழே இறங்கிப்போய், கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பவரிடம் நிமிர்ந்து பாருங்கள் என்கிறாள். எவ்வளவு உண்மை, எவ்வளவு வதந்தி என்று அவள் கேட்கவில்லை. நான் நிரபராதி என்று அவரும் சொல்லவில்லை. இருவரும் அழுகிறார்கள். ஊரில் யாரும் பெரிதாக மதிக்காத, தொப்பியும் விருந்துமாக இருந்த ஒருத்தி அவள். முந்தைய பக்கங்களில் அவள் பெயர் வந்தால் ஓட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நல்ல கல்யாணமே இல்லையா என்றால், கார்த் வீடு இருக்கிறது. அங்கும் கணக்குதான். ரோஸமண்டின் சகோதரன் ஃப்ரெட் வின்சியின் கடனுக்கு ஜாமீன் போட்ட கேலப் கார்த்துக்கு 110 பவுண்டு குறைகிறது. மகனைத் தொழில் பழகச் சேர்க்க மனைவி சேர்த்த 92 பவுண்டும், வேலை பார்த்து மகள் மேரி சேர்த்ததில் 18 பவுண்டும் போகிறது. தன்னால் எவ்வளவு போயிற்று என்று அந்த வீட்டு முகங்களைப் பார்த்த அன்றுதான் ஃப்ரெட்டுக்கு உறைக்கிறது. உழைக்காதவனைக் கட்டமாட்டேன் என்று மேரி பல வருடம் காக்க வைப்பது இதற்குப் பிறகு வீறாப்பாகத் தோன்றாது. முடிவுரையில் ஒரு குறும்பு: ஃப்ரெட் விவசாயம் பற்றி எழுதிய நூலை மேரி எழுதியது என்றும், மேரி சிறுவர்களுக்காக புளுட்டார்க்கிலிருந்து எழுதிய நூலை ஃப்ரெட் எழுதியது என்றும் ஊர் சாதிக்கிறது.

பலவீனமான கண்ணி லாடிஸ்லா. அழகான சுருட்டை முடியும் கோபமும் தவிர அவனிடம் டோரதியா எதைக் கண்டாள் என்பதை நாவல் சொல்லித்தான் தெரிகிறது, காட்டித் தெரிவதில்லை. இடி மின்னலில் ஒன்றுசேரும் 83-ஆம் அத்தியாயம் மேடை நாடகம். ஆனால் அங்கேயும் டோரதியா சொல்லும் ஒன்று கவனிக்கத்தக்கது: என் சொந்தப் பணம் வருடம் 700 போதும், புதுத் துணி வேண்டாம், எந்தப் பொருள் என்ன விலை என்று கற்றுக்கொள்வேன் என்கிறாள். கஸாபன் விட்டுப்போன 1900-ஐ உதறிவிட்டு எஞ்சும் அந்த ‘ஏழ்மை’யே லிட்கேட்டின் வருட வசூலைவிட அதிகம். கஷ்டப்படத் தயார் என்று சொல்வதற்கும் கொஞ்சம் கையிருப்பு வேண்டியிருக்கிறது.

படிக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செயின்ட் தெரசா பற்றிய முன்னுரையை முதலில் விட்டுவிட்டு, முடித்த பிறகு படிக்கலாம், ஒன்றும் நஷ்டமில்லை. அத்தியாயத் தலைப்பில் வரும் மேற்கோள்களைத் தாண்டிப் போகலாம்; பலவற்றை எலியட்டே எழுதியிருக்கிறார். வாக்கியங்கள் நீளம். வாய்விட்டுப் படித்தால் நகைச்சுவை பிடிபடும், கண்ணால் ஓட்டினால் பிரசங்கமாகத் தெரியும். தேர்தல் சீர்திருத்த மசோதா விவகாரங்களில் 51-ஆம் அத்தியாயத்தில் டோரதியாவின் அப்பாவுடைய சகோதரர் புரூக் மேடையில் மாட்டிக்கொள்வது மட்டும் சிரிக்க வைக்கும், மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ராஃபில்ஸ் என்ற மிரட்டல்காரன் வரும் பகுதி மட்டமான திகில் கதை போல இருந்தாலும் தவிர்க்காதீர்கள். அது இல்லாமல் 74 புரியாது. எட்டுப் பகுதிகளை வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் இரண்டு மாதம். ஒரே மூச்சில் முடிக்க முயல்பவர்கள் மூன்றாம் பகுதியில் களைத்துவிடுவார்கள்.

பெங்குவின் கிளாசிக்ஸில் ரோஸ்மேரி ஆஷ்டன் பதிப்பித்தது, ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் இரண்டில் எதை வாங்கினாலும் குறிப்புகள் நன்றாக இருக்கும். 1830-களின் மருத்துவம், அரசியலுக்கு அவை தேவைப்படும். குறிப்புகள் வேண்டாம் என்றால் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசம். எழுத்து பொடியாக உள்ள மலிவுப் பதிப்புகள் இந்த நீள வாக்கியங்களுக்கு ஆகாது. ஜூலியட் ஸ்டீவன்சன் வாசித்த ஒலிநூல் 35 மணி நேரத்துக்கு மேல் ஓடும். “நான் என்ன செய்ய முடியும்” என்ற இடத்துக்காகவே கேட்கலாம். 1994 பிபிசி தொடரில் ரூஃபஸ் சீவெல்லின் லாடிஸ்லா புத்தகத்தில் இருப்பவனைவிட நம்பும்படி இருக்கிறான். ஆனால் காமிராவால் முகங்களைத்தான் காட்ட முடிகிறது. “எப்போதும் டோரதியாவே ஏன்” என்று கேட்டு ஆளை மாற்றும் அந்தக் கதைசொல்லி தொடரில் ஏறக்குறைய இல்லை, அதனால் கஸாபன் அதில் வெறும் கிழவராகவே செத்துப்போகிறார்.